காம்பாக்ட் டிராக்டரும் டயர் செயினும்: எடை கட்டுவதிலிருந்து செயின் மாட்டுவது வரை

டயர் செயின், அதாவது வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டும் இரும்புச் சங்கிலி, எது வாங்கலாம் என்று யாராவது கேட்டால், "பின்னால் என்ன எடை கட்டியிருக்கிறீர்கள்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். சின்ன டிராக்டர் பனியிலோ சேற்றிலோ சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டு நிற்பதற்குப் பல நேரம் காரணம், சுற்றுகிற சக்கரத்தின் மேல் போதுமான பாரம் இல்லாததுதான். பாரத்தைச் சரி செய்த பிறகும் வழுக்கினால் செயினுக்குப் போகலாம். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது. செயின் பகுதிக்கு நேராகத் தாவ நினைக்கிறவர்கள் எடை பற்றிய பகுதியையாவது படித்துவிட்டுத் தாவுங்கள்.

கையில் இருக்கும் வண்டி

ஏறக்குறைய 20 முதல் 50, 60 குதிரைத்திறன் வரை உள்ளவற்றைத்தான் பொதுவாகக் காம்பாக்ட் டிராக்டர் என்கிறோம். தோட்டம், வீட்டைச் சுற்றியுள்ள சில ஏக்கர் நிலம், நீளமான மண்பாதை இவற்றுக்குப் பொருந்தும் அளவு. முன்னால் மண் அள்ளும் பக்கெட்டோடு லோடர். பின்னால் கருவி மாட்டும் த்ரீ பாயிண்ட் ஹிட்ச் (இரண்டு கீழ்க் கைகள், மேலே டாப் லிங்க் என்ற ஒரு கம்பி), கருவியைச் சுற்ற வைக்கும் பிடிஓ ஷாஃப்ட். இந்த அளவு வண்டிகளில் ஹிட்ச் பெரும்பாலும் கேட்டகரி 1 வகை: கீழ்க் கைகளுக்கு 22 மி.மீ. பின், டாப் லிங்க்குக்கு 19 மி.மீ. பின். பழைய கருவி வாங்கும்போது இந்த இரண்டு அளவையும் டேப் வைத்துப் பார்த்துவிட்டால் பாதி வம்பு குறையும்.

பின் பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். அதாவது வினாடிக்கு 9 சுற்று. தொங்கும் சட்டை நுனி அதில் மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. ஷாஃப்ட் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அந்தக் கருவியை அன்றைக்கு மாட்டாதீர்கள்.

டயரில் மூன்று வகை அடிக்கடி கண்ணில் படும். ஆர்1 என்பது வயலுக்கான டயர். உயரமான பட்டன்கள் (டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள்) சாய்வாக, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும். ஆர்3 புல்தரைக்கானது, அகலமாக, பட்டன் தாழ்வாக இருக்கும். ஆர்4 இரண்டுக்கும் நடுவில், லோடர் வேலைக்குத் தாங்கும்படி கனமான பக்கச்சுவரோடு வரும். சேற்றில் ஆர்1ஐ அடிக்க ஆள் இல்லை. உறைந்த தரையில், பனிக்கட்டியில் மூன்றுமே கிட்டத்தட்ட ஒரே மாதிரி கைவிடும்.

இன்னொன்று. பெரும்பாலான காம்பாக்ட் டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில் (கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் ஓடுவது) பெடலை விட்டால் வேகம் குறைகிறதே, அதுவும் டூ வீல் டிரைவில் பின் சக்கரம் வழியாகத்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சரிவில் இறங்கும்போது இதுதான் உயிர் காக்கும் விஷயம்.

கிளப்புவதற்கு முன்

எஞ்சின் ஆயில், கூலன்ட், ரேடியேட்டர் முன்னால் இருக்கும் வலையில் அடைத்த புல், டயர் காற்று, லோடர் பின்களுக்குக் கிரீஸ். ஐந்து நிமிட வேலை. புது வண்டியாக இருந்தால், அல்லது சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால், முதல் சில மணி நேரத்துக்குள் வீல் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் இறுக்கிப் பாருங்கள், தளர்ந்திருக்கும். பல மாடல்களில் முதல் 50 மணி நேரத்தில் ஹைட்ராலிக் பில்டரை மாற்றச் சொல்வார்கள். தவற விடாதீர்கள்.

தலைக்கு மேலே நிற்கும் ரோல் பார் நிமிர்ந்திருந்தால் சீட் பெல்ட் கட்டாயம். மடக்கி வைத்திருந்தால் பெல்ட் போடாதீர்கள்; கவிழ்ந்தால் வண்டியோடு சேர்த்துக் கட்டிப் போட்டது போல ஆகிவிடும். தாழ்ந்த கிளைக்கு அடியில் போக மடக்கினேன், அப்புறம் நிமிர்த்த மறந்துவிட்டேன் என்பதுதான் வழக்கமாக நடப்பது. வெளியே வந்ததும் நிமிர்த்துங்கள்.

எடை எங்கே இருக்கிறது?

லோடர் பக்கெட்டில் ஈர மண்ணை அள்ளித் தூக்குங்கள். முன் ஆக்ஸில் இப்போது தராசின் நடுமுள் மாதிரி. முன்னால் ஏறிய பாரம் பின்னால் இருக்கும் பாரத்தைத் தூக்கிவிடுகிறது. பின் சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அழுத்தாது. பிரேக் எங்கே இருந்தது? அதே பின் சக்கரத்தில். சரிவில் பக்கெட் நிறைய மண்ணோடு டூ வீல் டிரைவில் இறங்கினால் வண்டி நிற்காமல் போவதன் கணக்கு இவ்வளவுதான்.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, த்ரீ பாயிண்ட்டில் எதையாவது மாட்டுவது. கான்கிரீட் நிரப்பிய பெட்டி, கனமான பாக்ஸ் பிளேடு (மண்ணைச் சமன் செய்யும் பெட்டி வடிவக் கருவி), ரோட்டரி கட்டர் (புல், புதர் வெட்டுவது) எதுவானாலும் சரி. பின் ஆக்ஸிலுக்கும் அப்பால் தள்ளித் தொங்குவதால் இந்த எடை முன் ஆக்ஸில் மேல் இருக்கும் பாரத்தையும் குறைக்கும். லோடர் வேலைக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். எத்தனை கிலோ என்பது உங்கள் லோடர் கையேட்டில் இருக்கும், ஊகிக்க வேண்டாம்.

இரண்டாவது, பின் டயருக்குள் திரவம் நிரப்புவது. வால்வை உச்சியில் நிறுத்தி, அந்த மட்டம் வரைக்கும், அதாவது முக்கால் பங்கு நிரப்புவது வழக்கம். மேலே காற்றுக்கு இடம் வேண்டும். வெறும் தண்ணீர் குளிரில் உறைந்துவிடும். கால்சியம் குளோரைடு கரைசல் உறையாது, தண்ணீரைவிடக் கனமும் கூட, ஆனால் ரிம்மை அரித்துவிடும். டியூப் இல்லாத டயரில் நான் அதைத் தொடவே மாட்டேன். உறையாத வேறு கரைசல்களும் கிடைக்கின்றன. திரவம் வண்டியின் எடை மையத்தைக் கீழே கொண்டுவருகிறது, டிராக்டர் சரிவில் திடமாக நிற்கும். ஆனால் லோடரில் பாரம் தூக்கும்போது முன் ஆக்ஸிலுக்கு இது எந்த உதவியும் செய்யாது.

வேலைகள்

லோடரில் ஒரே ஒரு பழக்கம் போதும்: பக்கெட் எப்போதும் தாழ்வாக. நகரும்போது முழங்காலுக்கு மேல் வேண்டாம். கொட்டும் இடத்துக்குப் போய் நின்ற பிறகு தூக்குங்கள், கொட்டியதும் இறக்குங்கள். குவியலில் வேகமாகப் போய் முட்டாதீர்கள். தாழ்ந்த கியரில், பக்கெட் அடித்தட்டைத் தரைக்கு இணையாக வைத்து நுழைத்து, உள்ளே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்ட வேண்டும்.

மண்பாதையைச் சமன் செய்யப் பாக்ஸ் பிளேடு. இதில் எல்லாமே டாப் லிங்க்கில் இருக்கிறது. டாப் லிங்க்கைச் சுருக்கினால் பிளேடு மூக்கைக் குத்தி வெட்டும். நீட்டினால் பின் விளிம்பு தடவிக்கொண்டே மண்ணைப் பரப்பும். புதிதாகச் செய்கிறவர்கள் ஒரே ஓட்டத்தில் பள்ளத்தை நிரப்பப் பார்ப்பார்கள், பாதை அலை அலையாகிவிடும். முதலில் பாக்ஸ் பிளேடின் பல்லை இறக்கிக் கீறி விடுங்கள், அப்புறம் இரண்டு மூன்று முறை மெல்லிசாக இழுங்கள். பள்ளத்தின் அடி வரை கீறாமல் மேலே மண் போட்டு மூடினால், அடுத்த மழையில் அதே பள்ளம் அதே இடத்தில் வந்து நிற்கும்.

மரத்துண்டு இழுக்கும்போது கட்டும் இடம் முக்கியம். ட்ரா பாரில் (வண்டியின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பி), பின் ஆக்ஸில் மட்டத்துக்குக் கீழே கட்டுங்கள். டாப் லிங்க் பின்னிலோ, இருக்கைக்குப் பின்னால் கைக்கு எட்டும் ஏதோ ஒரு கம்பியிலோ கட்டி இழுத்தால், மரம் எங்காவது வேரில் சிக்கியதும் முன் சக்கரம் எழும்பும். பின்னோக்கிக் கவிழ்வது ஒன்றரை வினாடிக்குள் முடிந்துவிடும் வேலை. கிளட்ச்சை மிதிக்கலாம் என்று மூளை சொல்வதற்குள் காலம் கடந்திருக்கும். செயின் மாட்டிய டயரில் இது இன்னும் மோசம். வழுக்கித் தப்பிக்க வேண்டிய சக்கரம் பிடித்துக்கொண்டு நிற்கும், எஞ்சின் முன்பக்கத்தைத் தூக்கும்.

பனி தள்ளுவதற்கு லோடர் லீவரில் ஃப்ளோட் நிலை இருக்கிறது. அதில் விட்டால் பக்கெட் தரையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். முன் சக்கரத்தைத் தூக்கி ஸ்டியரிங்கைப் பறித்துக்கொள்ளாது. சரிவுப் பாதையில் மேலிருந்து கீழே தள்ளுங்கள், காலியாக ரிவர்ஸில் ஏறுங்கள்.

சரிவு

குறுக்காக ஓட்டாதீர்கள், நேராக ஏறி நேராக இறங்குங்கள். கனமான பக்கம் எப்போதும் மேட்டை நோக்கி இருக்கட்டும். பக்கெட் நிறைந்திருந்தால் முன்பக்கம்தான் கனம். அப்படியென்றால் முன்பக்கமாக ஏறி, ரிவர்ஸில் இறங்க வேண்டும். சரிவு வருவதற்கு முன்பே ஃபோர் வீல் டிரைவைப் போட்டுவிடுங்கள். இறங்கும்போது அதுதான் முன் சக்கரத்தையும் பிரேக்கோடு சேர்த்துக்கொள்ளும். பாதிச் சரிவில் வழுக்க ஆரம்பித்த பிறகு லீவரைத் தேடிப் பயனில்லை. இடது வலது பிரேக் பெடல்களைச் சேர்த்து லாக் செய்யுங்கள். கியர் வண்டியில் கிளட்ச்சை மிதித்துக்கொண்டு இறங்குவது தற்கொலைக்குச் சமம்.

எந்தச் செயின்?

சரி, எடை கட்டியாயிற்று, ஃபோர் வீல் போட்டாயிற்று. இன்னும் வழுக்குகிறது என்றால் செயின்.

ஏணி வகைதான் மலிவு. இரண்டு பக்கமும் ஓடும் பக்கச் செயின், நடுவில் ஏணிப்படி மாதிரி குறுக்குச் செயின். பக்கச் செயினில் நான்கு கண்ணிக்கு ஒரு படி வைத்தது ஒன்று, இரண்டு கண்ணிக்கு ஒரு படி வைத்தது இன்னொன்று. ஆர்1 டயருக்கு நான்கு கண்ணி ஏணியை வாங்கினால் என்ன ஆகும் தெரியுமா? குறுக்குச் செயின் இரண்டு பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். தரையைத் தொடுவது பழைய ரப்பர்தான். காசு கொடுத்து டயருக்கு நகை போட்டது போல. ஆர்3, ஆர்4 டயர்களில் ஏணி வகை ஓரளவு நன்றாகவே உழைக்கும், அதிலும் இரண்டு கண்ணி வகை.

பட்டன் உயரமான டயருக்கு வலை போலப் பின்னிய டயமண்ட் வகைதான் பொருத்தம். குறுக்கே மட்டுமில்லாமல் சாய்வாகவும் நீளவாக்கிலும் செயின் ஓடுவதால் பள்ளத்தில் விழாது. பக்கவாட்டில் சறுக்குவதையும் தடுக்கும். ஏணி வகை முன்னே பின்னே போவதற்குத்தான் உதவும், சரிவில் பக்கமாக இழுத்தால் பனிக்கட்டியில் ஸ்கேட்டிங் போய்விடும். விலையும் எடையும் டயமண்ட் வகையில் கூடுதல். வெறும் பனிக்கட்டிக்கு, கண்ணியின் மேல் வி வடிவ இரும்புத் துண்டு பற்ற வைத்தவை கிடைக்கும். அவை சிமென்ட் தளத்தைக் கொத்திவிடும்.

அளவு டயர் பக்கச்சுவரில் இருக்கிறது. 11.2-24 என்றால் அகலம் 11.2 அங்குலம், ரிம் விட்டம் 24 அங்குலம். அதை அப்படியே முழுவதுமாக எழுதிக்கொண்டு போங்கள். கூடவே ஆர்1ஆ ஆர்4ஆ என்பதையும் சொல்லுங்கள். ஒரே 24 அங்குல ரிம்மில் இரண்டும் வரும், ஆனால் அகலம் வேறு.

முன்னாலா பின்னாலா? ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால் பின்னால். பிரேக் அங்கேதான், கட்டிய எடையும் அங்கேதான். முன் சக்கரத்துக்குச் செயின் மாட்ட வேண்டாம் என்றே பல கையேடுகள் சொல்கின்றன. உங்கள் வண்டிக்கு என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள்.

இடைவெளியை அளக்காமல் வாங்காதீர்கள்

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே, டயருக்கும் கீழ்க் கைக்கும் நடுவே, உள்பக்கம் ஓடும் ஹைட்ராலிக் குழாய், பிரேக் கம்பி என்று டயரைச் சுற்றி மிக நெருக்கமான இடத்தைத் தேடி அளந்துகொள்ளுங்கள். என் கணக்குக்கு எங்கேயும் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. செயினின் தடிமன் மட்டும் கணக்கில்லை, சுற்றும்போது அது தளர்ந்து வெளியே வீசும்.

கருவியை மாட்டி, கைகளை முழுக்கத் தூக்கி ஒரு முறை, இறக்கி ஒரு முறை அளக்க வேண்டும். கருவி மாட்டாதபோது தள்ளி நிற்கும் கை, மாட்டியதும் டயர் பக்கம் விரியும். முன் சக்கரமாக இருந்தால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு சக்கரத்தை மரக்கட்டை மேல் ஏற்றிப் பாருங்கள். முன் ஆக்ஸில் ஊஞ்சல் மாதிரி ஆடும் என்பதால் சமதளத்தில் தெரியாத உரசல் அப்போதுதான் தெரியும்.

இடம் போதவில்லையா? சக்கரத்துக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே வீல் ஸ்பேசர் போடலாம், சில ரிம்களைத் திருப்பி மாட்டியும் சக்கரத்தை வெளியே தள்ளலாம். சக்கரம் அகன்றால் சரிவிலும் வண்டி நன்றாக நிற்கும், அது கூடுதல் லாபம்.

மாட்டும் முறை

முதல் தடவை பனி இல்லாத நாளில், காய்ந்த தரையில் மாட்டிப் பழகுங்கள். விரல் மரத்துப்போன விடியலில் கற்றுக்கொள்ளும் வித்தை இல்லை இது. பின் டயர்களுக்கான செயின் ஜோடி பெரும்பாலும் 40 கிலோவைத் தாண்டும். இன்னொரு ஆள் இருந்தால் நல்லது.

1. கெட்டியான சமதளத்தில் நிறுத்தி, பின் கருவியைக் கழற்றி வையுங்கள். பக்கெட்டைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

2. செயினைத் தரையில் நீளமாக விரித்து, ஒவ்வொரு கண்ணியாக முறுக்கைப் பிரியுங்கள். பக்கச் செயினைக் கையில் உருவிக்கொண்டே போனால் முறுக்கு விரலில் தட்டும். ஒரே ஒரு முறுக்கு விட்டுப்போனாலும் ஒரு பக்கம் குட்டையாகி, கடைசிக் கொக்கி எட்டாது. குறுக்குச் செயினைப் பிடிக்கும் கொக்கிகளின் திறந்த வாய் டயரைப் பார்க்கக் கூடாது, வெளியே பார்க்க வேண்டும். இறுக்கும் நெம்பு உள்ள பக்கம் வண்டிக்கு வெளிப்புறம்.

3. டயரின் மேல் போர்த்துங்கள். முன்பக்க நுனியை டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் ஒட்டிச் செருகிவிடுங்கள். பின்பக்க நுனி டயருக்குப் பின்னால் தரை வரை தொங்கட்டும். இரண்டு பக்கச்சுவரிலும் ஒரே அளவு இறங்கியிருக்கிறதா என்று பின்னால் நின்று பார்த்துச் சரி செய்யுங்கள்.

4. எல்லாரையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டு, கட்டையை எடுத்து, தாழ்ந்த கியரில் ஓரடி, ஒன்றரை அடி முன்னே நகர்த்துங்கள். டயர் செருகிய நுனி மேல் ஏறி, அதைப் பின்னால் கொண்டுவந்து விடும். இரண்டு நுனியும் இப்போது டயருக்குப் பின்னால், குனிந்தால் எட்டும் உயரத்தில் இருக்கும். மறுபடி பிரேக், சாவி, கட்டை.

5. உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டுங்கள். கழுத்தை வளைத்துக்கொண்டு செய்யும் வேலை, பொறுமை வேண்டும். எத்தனையாவது கண்ணியில் மாட்டினீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

6. வெளிப்பக்கத்தை இழுத்து அதே எண்ணிக்கையில் மாட்டி, நெம்பை மடக்கி இறுக்குங்கள். உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு என்றால் செயின் நாளடைவில் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். காற்றை இறக்கி மாட்டி, மறுபடி காற்றடித்து இறுக்குகிறவர்கள் உண்டு. செயின் செய்கிறவர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள், நானும் செய்வதில்லை.

7. மிச்சமிருக்கும் கண்ணிகளைக் கம்பியால் பக்கச் செயினோடு சேர்த்துக் கட்டுங்கள். நான் முதல் வருஷம் மூன்றே மூன்று கண்ணியைச் சும்மா தொங்கவிட்டிருந்தேன். டிங், டிங் என்று தாளம் போட்டுக்கொண்டு வந்தது. ஏதோ தகரம் ஆடுகிறது என்று விட்டுவிட்டேன். அரை மணி கழித்து இறங்கிப் பார்த்தால் மட்கார்டு உள்பக்கம் அம்மைத் தழும்பு போலக் குழிகள், பின் விளக்கு ஒயர் இரண்டு துண்டு. ஹைட்ராலிக் குழாய் அந்தப் பக்கம் ஓடாதது என் அதிர்ஷ்டம்.

8. மற்ற டயருக்கும் இதே வேலை. பிறகு ஐம்பது, நூறு மீட்டர் மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். செயின் தன் இடத்தில் உட்கார்ந்து, கட்டாயம் தளர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணி இழுத்து மாட்ட முடியும். இந்தப் படியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

9. கருவியை மாட்டி, கைகளை ஏற்றி இறக்கி, மெதுவாக ஓட்டிக்கொண்டே காதைத் தீட்டுங்கள். உரசல் சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஜாக்கி வைத்துத் தூக்கி மாட்டுவது சுலபம்தான், டயரைக் கையால் சுற்றலாம். ஆனால் சில மாடல்களில் ஹேண்ட் பிரேக் டிஃபரன்ஷியலுக்கு (இரண்டு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி) முன்னால் பிடிக்கும். ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் அது சும்மா சுற்றும், மற்றதும் விடுபட்டுவிடும், வண்டி உருளும். அதனால் ஜாக்கி என்றால் கூடவே ஸ்டாண்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை. பக்கெட்டை அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டு அடியில் கைவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அப்படிச் செய்யாதீர்கள்.

ஓட்டும்போது

மெதுவாக. நடப்பதைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். செயின் போட்ட சக்கரத்தைச் சுழல விடாதீர்கள். பனியில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் திடீரென்று வெறும் தரையைக் கண்டால், அந்த அதிர்ச்சி முழுதும் ஆக்ஸிலுக்கும் கியர் பெட்டிக்கும் போகும். இரண்டு பின் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் டிஃபரன்ஷியல் லாக்கை நேராகப் போகும்போது மட்டும் போடுங்கள், திருப்புவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

பின்னால் மட்டும் செயின் இருந்தால் வண்டி போகும், நிற்கும், திரும்ப மறுக்கும். பின்னாலிருந்து தள்ள, முன் சக்கரம் ஒடித்தபடியே நேராகச் சறுக்கும். வளைவுக்கு வெகு முன்பே வேகத்தைக் குறையுங்கள். சமதளத்தில், மிக மெதுவாகப் போகும்போது, உள்பக்கப் பிரேக்கை மட்டும் லேசாக மிதித்துத் திருப்பலாம்.

பனி உருகி வெறும் சிமென்ட் தெரிய ஆரம்பித்தால் கழற்றிவிடுவது நல்லது. காய்ந்த தளம் குறுக்குக் கண்ணிகளை அரம் போலத் தேய்க்கும், தளத்திலும் கோடு விழும். புல்தரையில் திரும்பினால் பாத்தி கட்டியது போல உழுதுவிடும்.

கழற்றி வைப்பது

கொக்கிகளை விடுவித்துச் செயினைத் தரையில் விழவிட்டு, வண்டியை அதன் மேலிருந்து மெதுவாக நகர்த்திக்கொள்ளுங்கள். தண்ணீரில் அலசிக் காயவைத்து எண்ணெய் தடவுங்கள். சாக்கில் ஈரத்தோடு போட்டால் அடுத்த தடவை துருப்பிடித்த ஒரே கட்டியாகத்தான் வெளியே வரும். குறுக்குக் கண்ணிகளில் எது பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறதோ அதை இப்போதே மாற்றுங்கள். ஆணியில் நீளமாகத் தொங்கவிட்டு, வெளிப்பக்கக் கடைசிக் கண்ணியில் இடதுக்கு ஒரு நிறம், வலதுக்கு ஒரு நிறம் என்று பெயின்ட் தொட்டு வையுங்கள். எந்தக் கண்ணியில் மாட்டினீர்களோ அதிலும் ஒரு பொட்டு. அடுத்த முறை எண்ண வேண்டியிருக்காது.